ரெண்டு அடி வண்டி

மே மாதத்து டெல்லியில் சூரியன் வருவதற்கு முன்பே வெக்கை வந்து உட்கார்ந்துகொள்ளும். முனிர்க்காவின் ஒரு முட்டுச் சந்துக்குள் இருந்த மாவு மில்லின் கதவைக் கருப்பசாமி தள்ளித் திறந்தபோது, உள்ளேயிருந்து புளித்த ஆவி முகத்தில் அடித்தது. கிரைண்டர்கள் அலுத்துப்போன குரலில் உறுமிக்கொண்டிருந்தன. ஈரத் தரையில் வழுக்காமல் கால்விரல்களை ஊன்றி ஊன்றி, மாவுப் பாக்கெட் அடுக்கிய கிரேட்டுகளைத் தலையில் சுமந்தபடி பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். இட்லியைத் தட்டில் பார்த்தவர்கள் அது லேசான பண்டம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மாவைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும்.

அன்று கருப்பசாமிக்கு உடம்பு கொதித்தது. முட்டிக்கு முட்டி வலி. முன்பெல்லாம் வண்டியில் சுமை ஏற்றத் தனி ஆட்கள் இருந்தார்கள். போன தீபாவளிக்குப் பிறகு முதலாளி ஜெயகிருஷ்ணன் அவர்களை நிறுத்திவிட்டு, டிரைவர்களே ஏற்றிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு சரி, அந்த வேலைக்கென்று கூலியில் எதுவும் கூடவில்லை. கருப்பசாமி காய்ச்சலோடு காய்ச்சலாகக் கிரேட்டுகளை அடுக்கினார்.

"ஏனுங்கண்ணா, கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குது. இன்னைக்கு வண்டி எடுக்க வேண்டாமுங்" என்றாள் காந்திமதி. கிரைண்டர்களைப் பார்த்துக்கொள்பவள் அவள். பெருந்துறைக்காரி. மில்லில் வேலை செய்யும் பெண்களுக்கெல்லாம் அவள் வாய்தான் வாய்.

"நான் எடுக்கலேன்னா இந்தக் கழுதைய யாரு ஓட்டுவா தாயி?" என்றார் கருப்பசாமி. அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. பின்னால் அதை நினைத்து நினைத்து வெந்துபோகப் போகிறோம் என்று அவருக்கு அப்போது தெரியாது.

கழுதை என்று அவர் சொன்னது அந்தப் பழைய பிக்கப்பை. யாரோ ஓட்டி ஓய்ந்த வண்டியை ஜெயகிருஷ்ணன் வாங்கி, இரண்டு பக்கமும் இரும்புத் தகடு அடித்து உயர்த்தி, அது பிறந்தபோது சுமந்ததைப் போல ஒன்றரை மடங்கு சுமக்கும்படி செய்துவிட்டார். உயரம் கூடியது, கனம் கூடியது, பிரேக் மட்டும் பிறந்தபோது இருந்த அதே பிரேக். நாலு சக்கரத்துக்கும் பழைய டிரம். முதல் மிதியில் பெடல் சொதசொதவென்று அடிவரைக்கும் போய்விடும். காலை எடுத்து மறுபடி ஓங்கி மிதித்தால்தான் பிடிக்கும். அதனால் மில்லில் அதற்கு 'ரெண்டு அடி வண்டி' என்று பேர். கருப்பசாமியின் வலது காலுக்கு அது பழகிவிட்டது. பஸ்ஸில் பயணியாக உட்கார்ந்திருக்கும்போதுகூட அவர் கால் தானாக இரண்டு தடவை தரையை மிதிக்கும்.

கோடையில் மாவுக்குப் பொறுமை கிடையாது. வெயில் ஏறுவதற்குள் கடை ஃபிரிட்ஜுக்குப் போய்ச் சேராவிட்டால் பாக்கெட் உப்பி வெடிக்கும். ஜெயகிருஷ்ணன் வாசலில் நின்று "ஜல்தி, ஜல்தி" என்று கையைத் தட்டிக்கொண்டிருந்தார். கருப்பசாமி தடுமாறி வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"என்னய்யா, ஃபீவரா? வழியில எங்கயாவது மயங்கி விழுந்து வைக்காதே. ப்ரசன்னா எடுத்துண்டு போகட்டும்."

ப்ரசன்னா டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். மில்லின் சின்ன ஆட்டோ அவன் கையில். கல்யாணமாகி ஒரு குழந்தை இருக்கிறது. தமிழ் பேசுவான், ஆனால் இந்தியில் யோசித்துத்தான் பேசுவான். கருப்பசாமி சாவியை அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"ஏலே, இது உன் ஆட்டோ மாதிரி கெடையாது. ரெண்டு அடி. மறந்துராத."

"ரெண்டு அடி. அச்சா அண்ணா."

கடைகளில் மாவு இறக்குவதற்கு எப்போதும் வண்டியோடு போகிற இளவரசி முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வண்டி சந்து முனையில் திரும்பிப் போயிற்று. கருப்பசாமி அறைக்குப் போய்ப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

போன் அடித்தபோது போர்வையெல்லாம் வேர்வையில் நனைந்திருந்தது. காந்திமதி அழுதுகொண்டே பேசினாள். ஆர்.கே.புரம் மார்க்கெட்டின் பின்பக்கச் சந்தில் வண்டி ரிவர்ஸ் வந்திருக்கிறது. சரிவான சந்து. இளவரசி இறங்கிப் பின்னால் நின்று கை காட்டியிருக்கிறாள். நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்கவில்லை. கடையின் சிமெண்டுப் படிக்கும் வண்டிக்கும் நடுவில் அவள் கால் மாட்டிக்கொண்டது.

கருப்பசாமி போய்ச் சேர்ந்தபோது அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். சந்தெல்லாம் மாவு கொட்டிக் கிடந்தது. படிக்குப் பக்கத்தில் மட்டும் அது வெள்ளையாக இல்லை. ஜெயகிருஷ்ணன் போனில் "வண்டியை அங்கேயே விடாதே, போலீஸ் வந்தா வம்பு. உனக்குத்தான் அதை ஓட்டத் தெரியும், கொண்டு வந்துடு" என்றார். கருப்பசாமி ஓட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு சிக்னலிலும் அவர் கால் இரண்டு தடவை மிதித்தது.

இளவரசிக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கியிருந்தது. மறுநாள் ஆபரேஷனுக்குப் பிறகு பார்க்க விட்டார்கள். திண்டிவனத்துப் பக்கத்திலிருந்து புருஷனோடு வந்தவள். அவன் எங்கேயோ போய்விட்ட பிறகும் இந்த ஊரிலேயே நின்று பிழைத்தவள். தினமும் சுமை இறக்குகிற கைகள் போர்வைக்கு மேலே சும்மா கிடந்தன. கருப்பசாமியைப் பார்த்ததும் அவள் திட்டவில்லை, அழவும் இல்லை.

"நில்லு நில்லுன்னு கையக் காட்னேண்ணே. வண்டி நிக்கலண்ணே" என்றாள். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாள்.

வெளியே நடைபாதைச் சுவரில் சாய்ந்து ப்ரசன்னா குந்தியிருந்தான். இரண்டு நாளாக அதே சட்டை. சட்டையில் மாவு காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. கருப்பசாமியைக் கண்டதும் எழுந்தான்.

"அண்ணா, நீங்க சொன்னதைத்தான் நான் பண்ணேன். காட் ப்ராமிஸ். ரெண்டு அடி விட்டுத்தான் ப்ரேக் போட்டேன்."

"விட்டா? என்னத்தலே விட்ட?"

"ரெண்டு அடி, அண்ணா." ப்ரசன்னா இரண்டு கையையும் விரித்துத் தூரத்தைக் காட்டினான். "மத்லப், ப்ரேக் போட்டதும் நிக்காது, ரெண்டு அடி தள்ளிப் போய் நிக்கும்னு நீங்க சொன்னீங்கன்னு... அதனால அவங்களுக்கும் வண்டிக்கும் நடுவுல ரெண்டு ஃபீட் ஜாஸ்தியா விட்டுத்தான் போட்டேன். ஆனா பெடல் ஒரேடியா உள்ள போயிடுச்சு."

அவனுக்கு எதிரே கருப்பசாமியும் குந்தினார். அடி என்றால் மிதி என்று இந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? ஸ்கேலில் அளக்கிற அடிதான் அவனுக்குத் தெரிந்த அடி. பெடலைத் தொட்டுக் காட்டியிருக்கலாம். இந்தியில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காய்ச்சல் வேகத்தில் இரண்டே சொல்லில் முடித்துவிட்டு வந்து படுத்துக்கொண்டோமே என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"தப்பு எம்மேலதாம்லே" என்றார்.

"இல்ல அண்ணா, மேரா ஹீ... என்னோடதுதான்..." என்று ஆரம்பித்தவன் முடிக்காமல் முகத்தைத் துடைத்துக்கொண்டான். தப்பைப் பங்கு போட்டுக்கொள்ள அங்கே இருந்தவர்கள் அவர்கள் இருவர்தான். மூன்றாவது ஆளான முதலாளி ஆப்பிள் பையோடு வந்து, போலீசில் புகார் எதுவும் வேண்டாமே என்று இளவரசியிடம் நைச்சியமாகச் சொல்லிவிட்டு, முன்பே போயிருந்தார்.

வண்டியைப் பார்க்க மெக்கானிக் ஷகீலைக் கருப்பசாமியே கூட்டிக்கொண்டு வந்தார். ஷகீலின் ஒர்க்ஷாப் மூன்று சந்து தள்ளி இருந்தது. அவர் வண்டிக்கு அடியில் படுத்து எழுந்து, சக்கரம் ஒன்றைக் கழற்றிப் பார்த்து, கையைத் துடைத்துக்கொண்டு ஜெயகிருஷ்ணனிடம் இந்தியில் நேராகச் சொன்னார்: புது பிரேக் ஷூ போடலாம், வாஷர் மாற்றலாம், கொஞ்ச நாளைக்குப் பிடிக்கும். மறுபடி இதே கதைதான். இத்தனை சுமைக்கு இந்த டிரம் தாங்காது. முன்சக்கரம் இரண்டுக்கும் டிஸ்க் பிரேக் போட வேண்டும். மாஸ்டர் சிலிண்டரைப் பெரிதாக மாற்றி பூஸ்டர் வைக்க வேண்டும். ஒரு வாரம் வண்டி என் இடத்தில் நிற்கட்டும், அதன் பிறகு ஒரு விரலால் தொட்டாலும் நிற்கும்.

"ஒரு வாரமா? சீசன்ல? பாய், ஷூ மட்டும் மாத்திக் குடுங்க" என்று ஜெயகிருஷ்ணன் அவர் தோளைத் தட்டினார்.

ஷகீல் தோளை விலக்கிக்கொண்டார். "ஷூ மட்டும் மாற்றி என் கையால் இதைத் தெருவில் விடமாட்டேன், சாப்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஜெயகிருஷ்ணன் வேறு யாரையோ கூட்டிவந்து மதியத்துக்குள் ஷூவை மாற்றிவிட்டார். கருப்பசாமி ஏறி ஒருமுறை மிதித்துப் பார்த்தார். பெடல் கொஞ்சம் முரண்டு பிடித்தது, பிறகு பழையபடி மெல்ல மெல்ல அடிக்குப் போயிற்று.

அன்றைக்குச் சாயங்காலம் மில் வாசலில் அவர் காந்திமதியிடம் பிரேக் விஷயத்தைப் பேசினார். காந்திமதி மற்றவர்களிடம் பேசினாள். பெரிய கூட்டமெல்லாம் இல்லை. களைத்துப்போனவர்கள் டீ குடித்துக்கொண்டே பேசியதுதான். துவாரகா லைனில் இன்னொரு பிக்கப் ஓட்டுகிற கதிரவன் மட்டும் பிடி கொடுக்கவில்லை.

"என் வண்டி நல்லாத்தான நிக்குது. எனக்கு எதுக்கு வம்பு?" என்றான்.

"இன்னைக்கி நிக்குது" என்றாள் காந்திமதி. கதிரவன் டீ டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனான்.

சனிக்கிழமை விடிந்தபோது வண்டி மாலையும் கழுத்துமாக நின்றது. ஜெயகிருஷ்ணன் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்திருந்தார். கண்ணாடியில் விபூதிப் பட்டை, முன்பக்கம் மிளகாயும் எலுமிச்சையும் கோத்த சரம், நாலு சக்கரத்துக்கு முன்னாலும் ஒவ்வொரு எலுமிச்சம்பழம். மில்லுக்குள்ளே மாவு கிரேட்டுகள் ஏற்றத் தயாராக அடுக்கப்பட்டிருந்தன.

"கருப்பசாமி, ஏறு. பழத்து மேல ஏத்தி எடு. தோஷம் கழிஞ்சது" என்று சாவியை நீட்டினார். "இனிமே இந்த வண்டி உன் கைக்கு மட்டும்தான். உனக்குத்தான் இதோட மனசு தெரியும். ப்ரசன்னாவுக்கு இன்னையோட கணக்கு முடிச்சாச்சு."

ஓரமாக நின்றிருந்த ப்ரசன்னா தலையைக் குனிந்துகொண்டான். கருப்பசாமி சாவியைப் பார்த்தார். அவரை யாரும் வேலையைவிட்டு நிறுத்தவில்லை. வாங்கிக்கொண்டால் நாளைக்கும் சோறு உண்டு. அவர் கால் பழகிய கால், அவர் ஓட்டினால் வண்டி நிற்கத்தான் செய்யும். ஆனால் இன்னொரு காய்ச்சல் வரும், இன்னொரு ப்ரசன்னா ஏறுவான், பின்னால் நின்று இன்னொருத்தி கை காட்டுவாள். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பழத்து மேல ஏத்துறது பெரிசில்ல மொதலாளி. ஏத்துனப்புறம் நிப்பாட்டணும்லா?"

"அதான் ஷூ மாத்தியாச்சே."

"மிதிச்சுப் பாத்தாச்சு. போன வாரம் எப்பிடியோ அப்பிடித்தான் இருக்கு. ஷகீல் பாய் சொன்னபடி டிஸ்க் போடணும்."

"இதோ பாரு. வண்டிமேல என்ன தப்பு? நாலு வருஷம் நீ ஓட்டலையா? ஒரு கீறல் விழுந்துதா? அவன் உன் தமிழைப் புரிஞ்சிக்கலை. அவனே எங்கிட்டச் சொன்னான். தமிழ் தெரியலைன்னா புசா ரோடு தமிழ் ஸ்கூல்ல போய்ப் படிக்கச் சொல்லு. அதுக்கு நான் பிரேக் மாத்தணுமா?"

கருப்பசாமிக்குச் சுர்ரென்று ஏறியது.

"பிரேக்குக்கு எதுக்கு மொதலாளி தமிழு? தமிழ் தெரிஞ்சவன் மிதிச்சாலும் நிக்கணும், தெரியாதவன் மிதிச்சாலும் நிக்கணும். மிதிச்சா நிக்கணும், அம்புட்டுத்தான். நாலு வருசமா இந்த வண்டிய நிப்பாட்டுனது உங்க பிரேக் இல்ல, என் காலு. அத நான் கெட்டிக்காரத்தனம்னு நெனச்சுத் திரிஞ்சேன். எம்புத்தியச் செருப்பால அடிக்கணும்."

"லெக்சர் அடிக்காதே. மாவு உப்பிண்டிருக்கு. எடுக்கறியா, இல்லையா?"

"எடுக்கல."

"அச்சா. எனக்கு டிரைவர் கிடைக்க மாட்டானா? ஒரு போன் போட்டா ஒம்போது பேர் வருவான்."

"வருவாங்க" என்றது ஒரு குரல். காந்திமதி கையெல்லாம் மாவோடு வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் கிரைண்டர்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்தச் சந்தில் அந்த நேரத்தில் அப்படியொரு அமைதியை யாரும் கேட்டதில்லை. "வர்றவங்க ஓட்டுவாங்க. ஆனா மாவரைச்சுக் கிரேட்ட வாசலுக்குக் கொண்டாறதுக்கு நாங்க வரோணுமில்லீங்க? பிரேக்கு மாத்துற வரைக்கும் ஒரு கிரேட்டும் ஏறாதுங்க. எளவரசிக்கு ஆஸ்பத்திரிச் செலவ நீங்கதான் பாக்கோணும். இந்தத் தம்பிய நிறுத்தவும் விடமாட்டமுங்க."

"எல்லாரும் சேர்ந்து என்னை மிரட்டறீங்களா?" ஜெயகிருஷ்ணன் குரல் உயர்ந்தது. "நானும் கஷ்டப்பட்டு வந்தவன்தான். இந்த மில் மூடினா நீங்க எல்லாம் எங்க போவீங்க?"

எங்கே போவது என்று உண்மையாகவே அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் யாரும் நகரவில்லை.

கருப்பசாமி வண்டிக்குள் எட்டி ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, கியரை நியூட்ரலில் தள்ளினார். "ஓட்டத்தான் மாட்டேன்னு சொன்னேன். தள்ளிட்டுப் போவோம். ஷகீல் பாய் கடை மூணு சந்துதான. ஏலே ப்ரசன்னா, ஸ்டியரிங்கப் பிடி. வெளிய நின்னே பிடி."

"யாரைக் கேட்டு எடுக்கறே?" என்று ஜெயகிருஷ்ணன் முன்னால் வந்து நின்றார். பிறகு, அந்த வண்டிக்கு முன்னால் நிற்கிறோம் என்பது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். சட்டென்று ஒதுங்கிக்கொண்டார்.

சக்கரத்துக்கு அடை கொடுக்கக் காந்திமதி ஒரு மரக்கட்டையை எடுத்துக்கொண்டாள். தோள்கள் தகட்டில் முட்டின. வண்டி முதலில் அசையவில்லை. மாவு தூக்கித் தூக்கி மரத்த தோள்கள் இன்னொரு முறை முட்டின. "ஜோர் லகா கே" என்று ப்ரசன்னா கத்த, "ஹைஷா" என்று பெண்கள் தம் கட்டினார்கள். எலுமிச்சம்பழங்கள் சக்கரத்தில் நசுங்கித் தெறித்தன. வண்டி உருண்டது.

இரண்டாவது சந்தில் சரிவு இருந்தது. வண்டி தானாக வேகம் எடுக்கத் தொடங்கியதும் பின்னால் தள்ளியவர்கள் கையை எடுத்தார்கள். "கட்டை, கட்டை!" என்று கருப்பசாமி கூவினார். காந்திமதி சக்கரத்தோடு ஓடிக்கொண்டே கையிலிருந்த மரக்கட்டையை முன்னால் போட, அதில் ஏறியும் ஏறாமலும் சக்கரம் திணறியது. அப்போது பின்பக்கத் தகட்டை யாரோ வலுவாகப் பிடித்து இழுத்தார்கள். வண்டி முனகி நின்றது. கருப்பசாமி திரும்பிப் பார்த்தார். கதிரவன்.

"நீ துவாரகா போகலியாலே?"

"சாவிய மேசைல வச்சிட்டு வந்துட்டேன்" என்றான் கதிரவன், யாரையும் பார்க்காமல். "பேசாமத் தள்ளுங்க."

ப்ரசன்னா கட்டையைக் காட்டினான். "அண்ணா, இது ஒரே அடியில நின்னுடுச்சு."

"எந்த அடிலே அது?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "நிக்கிற அடி" என்றான். அத்தனை நாளைக்கும் சேர்த்து கருப்பசாமிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணும் கலங்கியது.

ஷகீல் கடையைத் திறந்துகொண்டிருந்தார். வேர்வையில் குளித்து நின்ற கூட்டத்தையும் வண்டியையும் பார்த்துவிட்டு, "கிஸ்னே பேஜா?" என்றார். யார் அனுப்பினார்கள்?

"ஹம் சப்னே" என்றார் கருப்பசாமி. நாங்கள் எல்லோரும்.

"மாலிக் சொல்லாமல் புதுச் சாமான் வாங்கிப் போட என்னால் முடியாது, பாய்."

"தெரியும். இப்பத்திக்கு நாலு சக்கரத்தையும் கழட்டி வைங்க. வேற எவனும் ஏறி ஓட்டிட்டுப் போகாம இருக்கணும்."

ஷகீல் ஒரு நிமிஷம் தாடியைத் தடவினார். பிறகு ஜாக்கியை இழுத்துப் போட்டார். சக்கரங்கள் ஒவ்வொன்றாகச் சுவரோரம் சாய்ந்தன. கருப்பசாமி ஒன்றின்மேல் உட்கார்ந்தார். காய்ச்சல் முழுதாக விட்டிருக்கவில்லை, முட்டி விண்விண்ணென்று தெறித்தது. மற்றவர்களும் அங்கங்கே நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள். சாயங்காலம் அடுப்பு எரியுமா என்ற கவலை எல்லார் முகத்திலும் இருந்தது. அதை யாரும் மறைக்கவும் இல்லை.

முதலாளியிடமிருந்து போன் வந்தது. முதலில் கருப்பசாமிக்கு. அவர் எடுக்கவில்லை. அது ஓய்ந்ததும் காந்திமதியின் இடுப்பில் அடித்தது. அவளும் எடுக்கவில்லை. பிறகு கதிரவனுக்கு. அவன் போனை எடுத்துப் பெயரைப் பார்த்துவிட்டுத் தொடைமேல் கவிழ்த்து வைத்தான்.

"பேசணும்னா இங்க வரட்டுமுங்க. மூணு சந்துதான" என்றாள் காந்திமதி.

மறுபடியும் கருப்பசாமியின் போன் அடித்தது. இந்த முறை வேறு பெயர். அவர் அவசரமாக எடுத்துக் காதில் வைத்தார். ஆஸ்பத்திரி வார்டின் இரைச்சலுக்குள் இளவரசியின் குரல் சன்னமாகக் கேட்டது.

"பூசை போட்டு எடுக்கப் போறதா மொதலாளி சொன்னாரேண்ணே. வண்டி கெளம்பிடுச்சா?"

"இல்ல தாயி" என்றார் கருப்பசாமி. "நிக்கிது."

கருப்பசாமி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"நிக்கட்டும்ண்ணே" என்றாள் இளவரசி.